காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

என் தங்கைக்கு அம்மை போட்டதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்துக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் அம்மைத் தழும்புக்காரிதான். குழாயடிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் "சிடுபு ஆகித்தா?" என்று கன்னடத்தில் கேட்பாள். அம்மை வந்ததா என்று விசாரிக்கிறாளாம். வந்திருந்தால் உனக்கென்ன, வராவிட்டால் உனக்கென்ன? தண்ணீர் பிடிக்க வந்தவள் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே! எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பழனாத்தாள் கோபப்பட மாட்டாள். "இல்லீங்க, மொகப்பருதான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்வாள்.

பதினான்கு வயதில் வர ஆரம்பித்த பரு, பதினெட்டு வயதில்தான் ஓய்ந்தது. சும்மா ஓயவில்லை. இரண்டு கன்னத்திலும் குழி குழியாகத் தழும்பை விட்டுவிட்டுப் போயிற்று. அதோடு அவள் தோலும் லேசுப்பட்டதில்லை. மஞ்சள் பூசினால் சிவந்து தடித்துவிடும். சீயக்காய் நுரை நெற்றியில் வழிந்தால் அன்று முழுக்க அரிப்பு. அரை மணி நேரம் வெயிலில் நின்றால் சாயங்காலம் வரை எரிச்சல். அம்மா அவளுடைய பத்தாவது வயதிலேயே போய்விட்டதால் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. தானாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். முகத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். பயத்தமாவைக் கரைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். துடைக்க அப்பாவின் பழைய வேட்டித் துணி. வெளியே போனால் முக்காடு. எந்தப் புதுச் சாமான் வீட்டுக்கு வந்தாலும், சோப்பானாலும் எண்ணெயானாலும், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து மூன்று நாள் பார்ப்பாள். ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் முகத்துக்குப் போகும்.

நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். மருந்துக் கடையில் ஆறு வருஷம் மருந்து கலக்கியவன் இல்லையா? பெரிய தன்வந்திரி!

நாங்கள் கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள். அப்பா லிங்கப்பன் பட்டுக் கிடங்கு வேலைக்காக மைசூருக்கு வந்தவர். பழனாத்தாள் வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள். அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை. அவள் அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. அவளுக்கு வேறு ஒரு ஆசை இருந்தது.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளைக் கல்யாணப் பெண் மாதிரியே அலங்காரம் செய்து சபைக்கு அழைத்து வருவார்கள். கூறைச் சேலை வைத்த மூங்கில் பேழையைத் தலையில் சுமந்து வருவாள். அண்ணன் பக்கத்தில் அவளை நிறுத்தி, சேலையின் ஒரு தலைப்பை அவன் கையிலும் மறு தலைப்பை அவள் கையிலும் கொடுப்பார்கள். கட்டிக்கொண்டு வருகிறவள் வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு அந்த வீட்டில் இடம் குறையாது என்று ஊருக்கு முன்னால் சொல்லுகிற சடங்கு. ஒரு பெண்ணைச் சபையின் நடுவில் நிறுத்தி மரியாதை செய்வது அவள் கல்யாணத்தை விட்டால் இதில்தான்.

சின்ன வயதிலேயே முறத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, துண்டின் ஒரு முனையை என் கையில் திணித்து விளையாடுவாள். இருபது வயதிலும் அந்தப் பேச்சு மாறவில்லை. "எனக்குக் கண்ணாலம் ஆகுதோ இல்லியோண்ணா, உன்ற இணைச்சீரு என்னுதுதான். அதை ஆருக்கும் குடுக்க மாட்டேன்" என்பாள். அதற்கென்று நூல் சுற்றிய கூலியில் ஒரு அரக்குப் பச்சைப் புடவை வாங்கி, வேப்பிலை போட்டு மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

எனக்குப் பெண் அமைந்தது. பட்டு வியாபாரி மல்லப்பனின் மகள் சாமியாத்தாள். உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் பண்ணுகிற அன்று நாங்கள் எல்லோரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பெண்ணைக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. நான் பார்த்தது அந்த மஞ்சளைத்தான். "மஞ்சக் கெழங்காட்டம் இருக்கறா" என்று எங்கள் பெரியம்மா பூரித்துப் போனாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருத்தி பழனாத்தாளை உற்றுப் பார்த்துவிட்டு இன்னொருத்தியிடம், "மாப்பிள்ளையோட தங்கச்சிங்களா இது? சபையில இவதான் வந்து நிப்பாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அந்த 'இவதான்' எனக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது. மல்லப்பன் வீட்டு உறவுக்காரர்கள், பட்டு ஜரிகைக்காரர்கள், பெரிய மனிதர்கள் எல்லோரும் கூடியிருக்கிற சபையில் என் பக்கத்தில் இந்தக் கன்னங்களோடு இவள் நிற்பாளே என்று நினைத்தேன். ஆமாம், நான்தான் நினைத்தேன். வெட்கம் எனக்கு. இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்கள் கடையில் ஒரு டாக்டருக்குத் தோல் உரிக்கிற லோஷன் கலந்து கொடுப்போம். தழும்பின் மேல் போட்டால் மேல்தோல் கறுத்து உரிந்து, உள்ளே புதுத் தோல் வரும். அவர் அதைத் தன் கையால்தான் போடுவார். கோழி இறகில் தொட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தடவி, உடனே துடைத்துவிடுவார். ஒரு தபால் ஆபீஸ்காரர் மனைவிக்கு அதில் நன்றாகத் தெளிந்ததை நானே பார்த்தேன். அதே டாக்டர் எங்கள் கடையில் நின்றுகொண்டு, சட்டென்று சிவந்து தடிக்கிற தோலுக்கு இது ஆகவே ஆகாது என்று சொன்னதையும் கேட்டேன். இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வெளியே போயிருந்தார். பழனாத்தாள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் சீசாவை எடுத்து வைத்தேன். நாள் குறைவாக இருக்கிறதே என்று டாக்டருக்குக் கொடுப்பதைவிடக் காரமாகவே கலந்திருந்தேன்.

"என்னண்ணா அது?"

"தழும்பு போறதுக்கு மருந்து. இணைச்சீருக்குள்ள மொகம் பளிச்சுனு ஆயிரும்."

சீசாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எனக்கு மஞ்சளே ஆகாதேண்ணா. இது நெடி மூக்கைத் தொளைக்குது."

"மஞ்சளும் இதும் ஒண்ணா? பேசாம உக்காரு."

"செரி, காதுக்குப் பொறவு ஒரு சொட்டு வெச்சுப் பாக்கலாம். மூணு நாளு."

"மூணு நாளைக்கு எங்க போறது? அப்பறம் தோலு உரியோணும், புதுத்தோலு வரோணும். நாளு இருக்குதா?" என்று கத்தினேன். "ஆறு வருசமா மருந்து கலக்கறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றயா?"

அவள் ராட்டையை நிறுத்தினாள். நூலின் முனையை ராட்டையில் செருகி வைத்துவிட்டு, "எனக்கு இந்த மொகம் பழகிப் போச்சுண்ணா. உனக்குச் சங்கட்டமா இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சீசாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

"செரி, பூசு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இறகால் நானே தடவினேன். முதல் கன்னம் முடிவதற்குள் அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. "எரியுதுண்ணா." எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றேன். இரண்டாவது கன்னம். "அண்ணா, ரொம்ப எரியுது." பொறுத்துக்கோ, இன்னும் சித்த நேரம் என்றேன். டாக்டர் துடைக்கிற நேரத்தைத் தாண்டி விட்டு வைத்தேன். குழிகள் ஆழமாக இருக்கின்றன, உள்ளே போக வேண்டும் என்று என் புத்திக்குத் தோன்றியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து மருந்தோடு கலந்து தாடைக்கு இறங்கியது. அது இறங்கிய இடமெல்லாம் பிறகு வெந்திருந்தது.

சாயங்காலம் முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. மறுநாள் கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளங்கள் உடைந்து இரண்டு கன்னமும் செந்நிறப் புண்ணாகிவிட்டன. அந்த முதல் சாயங்காலமே அப்பா வந்து பார்த்துப் பதறிப்போய், "என்னாச்சு ஆத்தா, என்னாச்சு?" என்று கேட்டார். அவள்தான் உதட்டை அசைக்க முடியாமல் அசைத்துச் சொன்னாள்.

"சோறு வடிக்கறப்போ கை தவறிருச்சுங்கய்யா. கஞ்சி மொகத்துல கொட்டிருச்சு."

அப்பா நம்பினார். ஊர் நம்பியது. நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அவள் போட்ட பிச்சை அது. நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன், கேட்டீர்களா? டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி நல்ல மருந்து கேட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்று போகவில்லை. அவளே தேங்காய் எண்ணெயில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றிப் போட்டுக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தோம். முகத்தில் அங்கங்கே பொருக்குக் கட்டியிருந்தது, அங்கங்கே இன்னும் நீர் கசிந்தது. அவள் அந்தப் பச்சைப் புடவையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். எங்கள் சடங்குகளை நடத்திவைக்கிற அருமைக்காரர் கரியப்பன் அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். குரல்கூட உயரவில்லை.

"ஆத்தா, புண்ணோட சபையில நிக்கறது வழக்கமில்லே."

"முக்காடு போட்டுக்கறனுங்க" என்றாள் பழனாத்தாள். "ஒரு நாழி நேரந்தானுங்களே. பேழையெ எடுத்துட்டு வந்து நின்னுட்டு உள்ள போயர்றனுங்க. ஆரும் என்ற மொகத்தைப் பாக்காத மாதிரி நிக்கறனுங்க."

அவள் யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். கரியப்பன் தாடையைத் தடவிக்கொண்டார். பெரியவருக்கு மனசு இளகிவிட்டது.

"வழக்கம் நாம வெச்சதுதான். கூடப் பொறந்தவன் என்ன சொல்றான்? மாரிசாமி, உனக்குச் சம்மதம்னா நான் நடத்தி வெக்கறேன். உன்ற தங்கச்சி, உன்ற சீரு. சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். வீக்கம் வடிந்து கண் மட்டும் பழையபடி இருந்தது. வாசலில் மல்லப்பன் வீட்டு ஆட்கள் வந்து இறங்குகிற வண்டிச் சத்தம் கேட்டது. பட்டும் ஜவ்வாது வாசனையுமாக உள்ளே வரப்போகிறார்கள். முக்காடு நழுவினால்? யாராவது என்ன ஏது என்று கேட்டால்? கேள்வி சுற்றி வந்து என் சீசாவில் நின்றால்?

"பெரியப்பன் மக நிக்கட்டுங்க" என்றேன்.

பழனாத்தாள் அந்தப் பச்சைப் புடவையைப் பெரியப்பா மகளிடம் நீட்டினாள். "இது புதுசுதான். கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போனாள்.

மறுநாள் காலையில் இணைச்சீர் நடந்தது. பெரியப்பா மகள் பேழையைத் தலையில் சுமந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கரியப்பன் கூறையின் ஒரு தலைப்பை என் கையிலும் மறு தலைப்பை அவள் கையிலும் கொடுத்தார். சின்னப் பெண், அவளுக்குக் கூச்சம், சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நேர் எதிரே சாமான் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் வெள்ளைத் துணி சுற்றிய முகம் ஒன்று தெரிந்தது. பிடித்திருந்த தலைப்பு என் கையில் நனைந்துபோயிற்று. வேர்வை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

தாலி கட்டினேன். அப்போதும் பெண் முகத்தில் மஞ்சள்தான்.

மூன்றாம் நாள் காலை, எங்கள் வீட்டில், சாமியாத்தாள் குளித்துவிட்டு வெறும் முகத்தோடு வந்து காப்பி கொடுத்தாள். வாங்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அவள் இரண்டு கன்னத்திலும் குழி குழியாகத் தழும்பு. பழனாத்தாளுக்கு இருந்த மாதிரியே, கொஞ்சம் கூடுதலாகவே. கன்னமெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"மூணு நாளா மஞ்சளா அப்பிட்டாங்க. எனக்கு மஞ்சள் ஆகாதுங்க" என்றாள் அவள் கூச்சத்தோடு. பிறகு பழனாத்தாளை விசாரித்தாள்; அண்ணியும் நாத்தனாரும் எங்கள் பக்கம் ஒருவரையொருவர் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நங்கையா எங்கீங்க? வந்ததுலருந்து அவிய ரூமை விட்டு வரவே இல்லியே. கஞ்சி கொட்டிருச்சுன்னாங்க. நான் போய்ப் பாக்கலாமுங்களா?"

பார் என்றேனா, வேண்டாம் என்றேனா, நினைவில்லை. கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது சாமியாத்தாள் பழனாத்தாள் அறையில் இருந்தாள். கதவுக்கு வெளியே நின்றேன். என் பெண்டாட்டி பேசிக்கொண்டிருந்தாள்.

"உப்புச் சக்கரை மாத்துன அன்னைக்கு உங்களைப் பாத்தனுங்க, நங்கையா. நான் குனிஞ்சுட்டே ஓரக்கண்ணுல பாத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் நான் ஒரே அழுவாச்சி. மஞ்சளைக் கழுவுனா மாப்பிள்ளை என்ன சொல்லுவாரோன்னு. எங்கம்மாதான் சொன்னாங்க, 'அந்தப் புள்ள மொகமும் உன்னாட்டந்தான். மஞ்சள்கூடப் பூசாம எப்பிடித் தைரியமா வந்துது பாரு. அதுதான் இணைச்சீருக்குச் சபையில வந்து நிக்கப்போவுது. அப்படி ஒரு தங்கச்சிகூடப் பொறந்தவரு உன்னைய என்ன சொல்லிருவாரு? எதுக்கு அழுவறே'ன்னு. அதெக் கேட்டுத்தான் நான் தைரியமா மணவறைக்கு வந்தேன். சபையில உங்களைத்தான் தேடுனேன். வேற ஆரோ நின்னாங்க."

பழனாத்தாள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குரல் எப்போதும் போலவே வந்தது, கொஞ்சம் மெதுவாக.

"உங்களுக்கும் மஞ்சள் ஆகாதுங்களா? சித்த இப்பிடி வெளிச்சத்துல திரும்புங்க... ஆமா, தடிச்சிருக்குது. இனி பச்சத்தண்ணிதான் ஊத்தோணும், வெந்நி வேண்டாம். பயத்தமாவைத் தேய்க்கக் கூடாது, கரைச்சு ஒத்தி எடுக்கோணும். கழுவுனதும் பழைய வேட்டித்துணியில துடைங்க, நான் தர்றேன். வெயில்ல போனா முக்காடு. தழும்பு போகாதுங்க, நங்கையா. சும்மா சொல்லக் கூடாது. ஆனா எரியாம இருக்கும், அரிக்காம இருக்கும். அது போதுமுங்க."

"செரிங்க நங்கையா."

"எதைப் பூசறதா இருந்தாலும் மொதல்ல காதுக்குப் பொறவு ஒரு சொட்டு. மூணு நாளு பாக்கோணும். ஆரு அவசரப்படுத்துனாலும் மூணு நாளு." கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னாள். "அப்பறம், எங்கண்ணன் கடையிலருந்து எது கொண்டாந்தாலும் பூசிக்காதீங்க."

சாமியாத்தாள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க? அவருதான மருந்து தெரிஞ்சவரு?"

"பூசிக்காதீங்க, அவ்வளவுதான். எனக்கு இந்த ஒண்ணு மட்டும் செய்யுங்க."

நான் உள்ளே போகவில்லை. சட்டைப் பைக்குள் என் கை இருந்தது. காலையில் சாமியாத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவன், கடையில் அவளுக்கென்று ஒரு களிம்பு கலந்து டப்பியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தேன்.